ஆறாவது வரிசைக் கைதட்டு

சிரிங்க, சிரிங்க, நல்லாச் சிரிங்க. எவேலியோவோட பேண்டுச் சட்டை எனக்குப் பெருசுதான், எனக்கே தெரியுது. இதுக்குள்ள நான் இருக்கேன், எங்கம்மாவக் கூப்பிட்டா அவங்களும் ஏறிக்கலாம், அப்பவும் ஒரு கோங்கா மேளம் வைக்க இடம் மிச்சம் இருக்கும். எவேலியோவுக்குத் தோள் அப்படி, கதவு மாதிரி. எனக்கு இருக்கறது சட்டை மாட்டற கம்பி. டேய் வில்பெர், நீ சிரிக்காதடா. உன் சட்டைப் பொத்தான் ஏற்கனவே மூச்சு வாங்கிட்டிருக்கு. இன்னொரு பன்னு தின்னேன்னா தெறிச்சுப் போய் ரெனே கண்ணுல விழும். அப்புறம் பேண்டுல ட்ரம்பெட் இல்ல.

என்னா மூஞ்சிடா இது எல்லாருக்கும்? வேலை குடுக்கறவங்க மூஞ்சியா இது? கோழி வந்திருக்குன்னு நாலு மணி நேரம் வரிசைல நின்னு, நம்ம முறை வந்ததும் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுவான் பாரு, அப்ப வர்ற மூஞ்சி. கொஞ்சம் சந்தோஷமா இருங்கப்பா. யுர்னியேல் வந்திருக்கேன். நம்ம ரெக்லா ஊருலயே என்னைப் பாத்துச் சிரிக்காத ஆளு எங்கப்பா ஒருத்தருதான்.

இல்ல மாஸ்ட்ரா, பதில் சொல்லாம இழுக்கல. காபியக் குடிச்சுக்கறேன். நீங்க சொன்னதச் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு நானே ஒரு தடவ சொல்லிப் பாக்கறேன். அடுத்த மாசம் மெக்சிகோ. பன்னெண்டு ஊரு. எவேலியோவ விட்டுட்டுப் போறீங்க. அவரு எடத்துல க்ளாவே தாளக்குச்சி தட்ட நான். விசாவுக்கு இன்னைக்கு நாலு மணிக்குள்ள பேரக் குடுத்தாகணும். எவேலியோ பேர அடிச்சிட்டு என் பேரு. அதானே? ஆமாவா. சரி. இப்ப மணி என்ன, ரெண்டே காலா? நிறைய நேரம் இருக்கு.

போகணும்னு ஆசை இல்லாமயா? நான் இந்தத் தீவ விட்டு வெளிய போன தூரம் என்னா தெரியுமா? ரெக்லா படகுத்துறைலருந்து எதிர்க்கரைக்குப் படகுல பத்து நிமிஷம். அதுலயும் பாதித் தடவ இஞ்சின் நின்னுபோகும். எங்கம்மா இருக்காங்களே, வில்பெர் நேத்து வந்து வாசல்ல விஷயத்தச் சொல்லி வாய மூடல, பெட்டி கட்டிட்டாங்க. அடுத்த மாசத்துக்கு! நாலு கம்பளிச் சட்டை. மெக்சிகோ மேல இருக்காம், மேல போனாக் குளிருமாம். அடுத்த அஞ்சு நிமிஷத்துல தெரு முழுக்கப் பரவிடுச்சு. எதிர் வீட்டு ஃபேலா சீட்டோட வந்து நிக்கறா. காபிப் பாத்திரத்துக்கு ரப்பர் வளையம் மூணு, வலி மாத்திரை, மோட்டார் பைக்குக்கு டயர் ஒண்ணு. டயர எப்படிடி விமானத்துல கொண்டாறதுன்னா, கழுத்துல மாட்டிக்கிட்டு வா, இசைக்கலைஞன்தானே, எதப் போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கங்கறா.

இன்னொருத்தி வந்து என்னையத் தொட்டுப் பாத்துட்டுப் போனா. சும்மா. வெளிநாடு போறவனத் தொட்டா நல்லதாம்.

உண்மையச் சொல்லணும்னா எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இசைப்பள்ளிக்கூடத்த ரெண்டாவது வருஷத்துல விட்டவன் நான். கத்துக்க இனி ஒண்ணும் பாக்கி இல்லன்னு நான் நெனச்சேன். இவன வச்சுக்க இனி பொறுமை பாக்கி இல்லன்னு அவங்க நெனச்சாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே பிரிஞ்சோம். அப்புறம் குச்சி ஐஸ் வித்தேன், எனக்கே பாதி உள்ள போச்சு. முடி வெட்டற கடைல மூணு வாரம் இருந்தேன், நான் கதை சொல்லச் சொல்ல வந்தவன் குலுங்கிச் சிரிச்சு, கிருதா போச்சு. அந்த ஆளு இன்னும் தொப்பியோட அலையறாரு. இப்படி இருந்தவனப் பாத்து எனீதா சுலுவேத்தா பேண்டுல வாடான்னா எப்படி இருக்கும்? எனீதா சுலுவேத்தா! பியானோல உங்க எடது கை வீட்டுல நிதானமாச் சமைக்குது, வலது கை மாடில நின்னு பக்கத்து வீட்டோட சண்டை போடுது, ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சாப்பாட்டுக்கு உக்காருது. முகஸ்துதி இல்ல மாஸ்ட்ரா. நம்ம ஜனமே அப்படித்தான் சொல்லுது.

அதுவும் எதுக்காகக் கூப்பிட்டீங்க? ரெக்கார்டுல இருக்கற அந்தக் கைதட்டுக்காக.

இரு வில்பெர், நீ சொன்னத நான் சொல்றேன். நம்ம ஊரு அரங்குல சனத்துக்கு முன்னாடி வாசிச்சுப் பதிஞ்சது. ‘ஞாயிறு மூணு மணி’ ரெக்கார்டுல நாலாவது பாட்டு, ஆறாவது நிமிஷம். எல்லாரும் வாசிக்கறத நிறுத்திட்டு உள்ள போயிடறீங்க. மேடைல மாஸ்ட்ராவோட பியானோவும் எவேலியோவோட குச்சியும் மட்டும். திடீர்னு குச்சிச் சத்தம் காணாமப் போகுது. எவேலியோ தாளத்துல தொலைஞ்சாரு. அப்ப கீழருந்து ஒரு கைதட்டு வருது. கணீர்னு. அதுக்குப் பின்னாடி மொத்த அரங்கும் தட்டுது. பியானோ ஒரு நொடி அந்தரத்துல நிக்குது, அப்புறம் கைதட்டோட போய்ச் சேந்துக்குது. இருபது நொடி கழிச்சுக் குச்சி திரும்ப வருது, ஆனா கோணலா, பக்கம் மாறி. நாலு சுத்துக்கு அப்புறம்தான் எவேலியோ வழிக்கு வர்றாரு. மாட்ரிட் ரேடியோல ஒருத்தன் அந்த ஒரு நொடிக்காக முக்கால் மணி நேரம் பேசினானாமே? பியானோ நின்ன அந்த நொடில மொத்தக் கரீபியன் கடலும் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்குதுன்னானாமே? நல்லா இருக்கட்டும் மகராசன்.

அந்தக் கணீர் நான்தான். ஆறாவது வரிசை. வில்பெருக்குக் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. யுர்னியேல் கை அது, சின்ன வயசுலருந்தே அவனுக்குக் கை இல்ல, பலகைன்னிருக்கான். அன்னைக்கு அரங்கத்தையே அவன்தான் தூக்கி நிறுத்தினான், எவேலியோ விட்டதப் புடிச்சான், அவனப் போடுவோம்னிருக்கான். நன்றிடா.

எவேலியோ பாடு தெரியுமா? படகுத்துறை முக்குல உக்காந்து தீர்ந்துபோன லைட்டருக்கு கேஸ் நிரப்பிக்கிட்டிருக்காரு. குடுக்கறவன் ஒவ்வொருத்தனும், அண்ணே, கேஸ் இந்தப் பக்கமா உள்ள போகும், பாத்துன்னு சொல்லிட்டுக் குடுக்கறான். ரொட்டிக் கடைல போய், கடைசி யாருங்கன்னு கேட்டிருக்காரு. வரிசைன்னா கேட்டுத்தானே நிக்கணும். முன்னாடி போய் நில்லுங்கண்ணே, உங்களுக்குக் கடைசியும் முதலும் ஒண்ணுதானேன்னானுங்களாம். இருவத்தி ரெண்டு வருஷமாத் தட்டற மனுஷன்.

இதுக்கு எதுக்கு இவ்ளோன்னு வெளியூர்க்காரன் கேப்பான். ரெனே, நீ ட்ரம்பெட்காரன், மூச்ச மட்டும்தான் எண்ணுவ, உனக்காகச் சொல்றேன். இதோ இந்த மேஜைல. டக்... டக்... டக். டக் டக். மூணு ஒரு பக்கம், ரெண்டு ஒரு பக்கம், அதான் க்ளாவே. பாட்டு மூணுல ஆரம்பிச்சா முடியற வரைக்கும் மூணு முன்னாடி. நடுவுல மாறுச்சுன்னா செருப்ப எடம் வலமா மாத்தி மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி. நடக்கலாம். ஆனா எல்லாரும் உன் காலத்தான் பாப்பாங்க. நம்ம ஊருல பொண்டாட்டி ஓடிப் போனாக்கூட மன்னிச்சுருவானுங்க, க்ளாவே கோணுச்சுன்னா பேத்தி கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க.

மணி ரெண்டரைதான், மாஸ்ட்ரா. வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன்.

அன்னைக்கு மேடைலருந்து நீங்க பாத்தது வேற. நாங்க கீழ பட்ட பாடு வேற. ரெண்டு இருபதுக்குக் கரண்ட் போச்சு. ரெக்கார்டிங் பண்ண வந்தவரு தலைல கைய வச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. தெருல அறிவிச்சதும் மோட்டார் பைக் வச்சிருக்கறவன்லாம் பேட்டரியக் கழட்டிக்கிட்டு ஓடி வந்தான். பதினோரு பேட்டரி! அதுல ஒரு சண்டை. ஃபேலா, என் பேட்டரி பியானோவுக்குத்தான் போகும், சில்லறை மைக்குக்கெல்லாம் தரமாட்டேன்னுட்டா. இன்னொருத்தன் என் பேரு ரெக்கார்டு அட்டைல வரணும்னான். என்னோடத எவேலியோ மைக்குக்குக் குடுத்தாங்க. நான் பேட்டரிய ஆறாவது வரிசைல என் சீட்டுக்கு அடில வச்சுக்கிட்டேன், எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்னு. வயரு அங்கருந்து தரையோட மேடைக்குப் போச்சு.

அப்புறம் நீங்க வந்து நின்னு சொன்னீங்க. இது ரெக்கார்டிங், பாட்டு முடிஞ்ச அப்புறம் தட்டுங்க, நடுவுல ஒருத்தரும் தட்டக்கூடாதுன்னு. ரெக்லா சனத்துக்கிட்ட! வர்ற தும்மல மூக்குலயே பூட்டி வையின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. என் பக்கத்துல ஒரு குண்டம்மா ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு அதும்மேல உக்காந்துட்டாங்க. மூணாவது பாட்டுல அந்த மொத்த சீட்டு வரிசையும் ஆடுது. முன்னாடி ரெண்டு பேரு, புருஷன் பொண்டாட்டி, ஆறு மாசமாப் பேச்சுவார்த்தை இல்லாதவங்க, தட்டிடக் கூடாதுன்னு கையக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இப்பப் பேசறாங்களாம். உங்க இசைக்கு அந்தப் புண்ணியம்.

நாலாவது பாட்டு. எல்லாரும் உள்ள போயிட்டீங்க, தண்ணி குடிக்க. தண்ணின்னுதான் சொல்லணும், மாஸ்ட்ரா இருக்காங்க. மேடைல மாஸ்ட்ரா, கண்ண மூடிட்டு. முதுகுப் பக்கம் எவேலியோ. மாஸ்ட்ராவோட கை எங்கெங்கயோ போகுது. தாளத்துக்கு முன்னாடி, பின்னாடி, மாடில, கிணத்துல. எங்க இருக்கோம்னு சொல்ல அந்தக் குச்சிச் சத்தம் ஒண்ணுதான்.

அப்ப எனக்கு முன் வரிசைல ஒரு வெள்ளக்காரரு. நார்வேயோ ஸ்வீடனோ, உக்காந்திருந்தாலே நம்ம நிக்கற ஒசரம். நல்ல மனுஷன், ரொம்ப ரசிக்கறாரு. முட்டில விரலால தட்டிக்கிட்டே இருக்காரு. தப்பு தப்பா. ஒவ்வொண்ணும் தப்பு. சோத்துல கல்லு கடிபடற மாதிரி எனக்குப் பல்லு கூசுது. கண்ண மூடிப் பாத்தேன், காதுல கேக்காத தட்டு கண்ண மூடினாலும் தெரியுது. தாங்க முடியல. எழுந்தேன். மேடைக்குப் பக்கவாட்டுல திரும்பி, அவரு காதுகிட்ட குனிஞ்சு, ஐயா, அப்படி இல்ல, இப்படின்னு சொல்லிட்டு தட்டிக் காமிச்சேன். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே. அவரு ஒருத்தருக்குத்தான் காமிச்சேன், முன்னூறு பேருக்குக் கேட்டுச்சு. குண்டம்மா சாமி வந்த மாதிரி கைய உருவுனாங்க. அணை ஒடஞ்ச மாதிரிதான். ஒரு மணி நேரமா அடக்கி வச்ச கை எல்லாம்.

மீதி ரெக்கார்டுல இருக்கு.

இல்லடா வில்பெர், முதுகுல தட்டாத, காபி கொட்டுது. கேளு முதல்ல.

நேத்து நீ வந்துட்டுப் போனதும் எவேலியோவப் போய்ப் பாத்தேன். சும்மா போக வெக்கமா இருந்துச்சு, எங்கம்மாவோட லைட்டர எடுத்துட்டுப் போனேன். நிறைஞ்ச லைட்டரு. அவரு வாங்கிப் பாத்தாரு, குலுக்கிப் பாத்தாரு. கேஸக் கொஞ்சம் வெளிய விட்டுட்டு, திரும்ப நிரப்பி, என் கைல குடுத்தாரு. அப்புறம் சொன்னாரு, கேள்விப்பட்டேன், நல்ல விஷயம்டா, புதுக் குச்சி எதுவும் தேடாத, என்னோடத எடுத்துக்கோ, பழகுன மரம், சத்தம் நிக்கும்னு. துணில சுத்தி ரெடியா வச்சிருந்தாரு மாஸ்ட்ரா. கிளம்பும்போது கூப்பிட்டாரு. டேய், அங்க போய் வயர்ல மட்டும் கால வச்சிராதன்னாரு.

என்ன வயருன்னா? என் வயருதான். ஆறாவது வரிசை வயரு.

அந்த வெள்ளக்காரருக்குக் காமிக்க எழுந்தப்ப என் கால் மாட்டி, பேட்டரிலருந்து வயரு கழண்டுபோச்சு. எவேலியோ மைக் செத்துச்சு. உங்க காலடில இருக்கே, சின்ன ஸ்பீக்கரு, அதுலயும் அவரு சத்தம் நின்னுபோச்சு. அதான் உங்களுக்குக் கேக்கல. அவரு தொலையல மாஸ்ட்ரா. அவரு கை ஒரு நொடிகூட நிக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், தட்டிக்கிட்டே. அவரும் என்னையப் பாத்தாரு. இப்படி, கண்ணால, வேணாம்டாங்கற மாதிரி.

நான் கால வச்சே வயரத் திரும்பச் சொருகினேன், அப்பத்தான் குச்சி திரும்ப வந்துச்சு. அதுக்குள்ள நீங்க எங்ககூட வந்துட்டீங்க. முன்னூறு ரெக்லாக்காரங்க ஒரே நேரத்துல தப்பாத் தட்டுவாங்கன்னு யாரு நெனப்பா? அவரு நாலு சுத்து தனியா நின்னாரு. அப்புறம் உங்க முதுகப் பாத்துக்கிட்டே பக்கம் மாத்திக்கிட்டாரு, பாட்டு விழுந்துரக் கூடாதுன்னு.

அவரு ஏன் சொல்லலயா? நேத்து அதத்தான் நானும் கேட்டேன். ரெக்கார்டு வெளிய போயிடுச்சு, அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தம்மாவ மெக்சிகோலருந்து கூப்பிடறாங்க, அவங்க ஒரு வெட்டிப்பய கைதட்டுக்குப் பின்னாடி போனாங்கன்னு நான் எப்படிடா ஊருக்குச் சொல்வேன், கோணலு என் பேருலயே இருக்கட்டும்னாரு. நீங்க கேட்டப்ப, ஆமா, எங்கயோ போயிட்டேன்னு சொன்னாராமே. எங்கயும் போகல.

கத்தாதீங்க மாஸ்ட்ரா. சரி, கத்துங்க. வில்பெர், நீ உக்காரு. மணி மூணுகூட ஆகல, காகிதத்துல எழுதியிருக்கற எவேலியோ பேரு அப்படியே இருக்கட்டும், அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்றதுக்குள்ள வேற என்னென்னமோ சொல்லிட்டேன்.

பாட்டு மூணுல ஆரம்பிச்சுது. நான் ரெண்டுல தட்டினேன். தப்பாத் தட்டினது நான்தான். ரெண்டாவது சுத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நிறுத்தல. முன்னூறு பேரு என் பின்னாடி வந்தாங்க, மாஸ்ட்ரா. வாழ்க்கைல முதல் தடவ. விட மனசு வரல.